இரண்டு நாகேஸ்வரன் குடும்பங்களும் அமைச்சரின் ஒரு பதிலும்

1. பின்னேரம் வந்த போன்

அமைச்சர் ஒட்டாவாவில், கனடாப் பாராளுமன்றத்தில் பதில் சொல்லி ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்த எங்கள் அலுவலகத்தில் போன் அடித்தது. எடுத்தவர் வசந்தி அக்கா. யார் கூப்பிட்டாலும் இரண்டாவது வசனத்திலேயே ஒரு பகிடி விடுகிறவர் அவர். அன்றைக்குப் பகிடி வரவில்லை. பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பிரதீ, இதை நீ எடு. மல்வேர்னில இருந்து நாகேஸ்வரன் அண்ணை."

எடுத்தேன்.

"தம்பி, இப்பதான் உங்கட அமைச்சரை ரீவியில பாத்தனான். உதவி கேட்ட ஒவ்வொரு குடும்பத்தோடையும் கதைச்சாச்சு எண்டு சொல்லுறார். என்னோட ஒருத்தரும் கதைக்கேல்லை. அங்க நிக்கிற என்ர மனுசியோடையும் கதைக்கேல்லை. அப்ப நாங்கள் குடும்பம் இல்லையோ?"

அமைச்சர் சொன்ன அந்த வசனத்தை எழுதிக் கொடுத்தவன் நான்.

போன கிழமை, இப்படியான அலுவலகத்தில் வேலைக்குச் சேர இருக்கும் இரண்டு பிள்ளைகள் என்னிடம் வந்து, "அண்ணா, அங்க உண்மையில என்ன வேலை?" என்று கேட்டார்கள். வாயால் சொல்லத் தொடங்கினேன், சரியாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பெருமைப்படும் விஷயத்தைவிடப் பிழைவிட்ட விஷயத்தை எழுதினால்தான் வேலை விளங்கும்.

2. காட் எழுதுகிறவன்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா இரண்டாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவர். அம்மாவுக்கு அந்த இரண்டு வகுப்பும் இல்லை. ரொறன்ரோவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் அப்பா சாப்பாட்டுக்கடைக் குசினிகளில் கோப்பை கழுவினார். ஆங்கிலத்தில் அவரால் வாசிக்க முடிந்தது ஒரே ஒரு சொல்தான், தன்னுடைய பெயர். கிழமைக்குக் கிழமை சுவரில் ஒட்டும் ஷிப்ற் அட்டவணையில் அதைத் தேடித் தேடிப் பழகியிருந்தார்.

எனக்கு வேலை கிடைத்த அன்று, என்ன வேலை என்று அப்பா கேட்டார். வெளிவிவகாரத்துக்கும் பாதுகாப்புக்கும் இராஜாங்க அமைச்சராக இருப்பவரின் ரொறன்ரோ அலுவலகம் என்றேன். பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி கேட்கும் கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதில்களில் சிலவற்றை நான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"அங்க கதைக்கிறதெல்லாம் புத்தகமா அடிப்பினமாமே. உன்ர பேர் வருமோ?"

"அமைச்சற்ர பேர்தான் அப்பா வரும்."

"எழுதினது நீ, பேர் அவற்றையோ?"

"ஓம்."

"ஒருநாளைக்கு வரும். வந்தால் என்ர பேரும் வரும்தானே."

அது சரிதான். என் முழுப்பெயர் பிரதீபன் இராசதுரை. கடைசியில் நிற்பது அப்பாவின் பெயர். அப்பாவின் பெயருக்குப் பின்னால் நிற்பது அப்பப்பாவின் பெயர். அம்மாவோ கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் பெயரைப் போட்டவர். ஒரே வீட்டில் அம்மாவும் நானும் இராசதுரை, அப்பா மட்டும் வேறு. இதைப் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் விளங்கப்படுத்தியே வளர்ந்தவன் நான். என் பிழை இதற்குள்தான் வரப்போகிறது.

வேலை இப்படித்தான். கேள்வி நேரத்தில் ஒரு கேள்விக்கு முப்பத்தைந்து வினாடி, பதிலுக்கும் அதே முப்பத்தைந்து வினாடி. கடந்தால் சபாநாயகர் மைக்கை நிறுத்திவிடுவார். அந்த அளவுக்குள் அடங்கும் பதிலைத் தடித்த எழுத்தில் ஒரு மட்டையில் அடித்துக் கொடுப்போம். அதற்குக் காட் என்று பெயர். காலை பதினொரு மணிக்குள் காட் ஒட்டாவாவுக்குப் போய்விட வேண்டும். மத்தியானம் அமைச்சர் எங்களுக்குப் போன் எடுத்து, ஒவ்வொரு காட்டையும் சத்தமாக வாசிப்பார். வாசிக்கும்போதே பேனையால் வெட்டுவார். "மிகுந்த", "முழுமூச்சாக", "இரவு பகலாக" எல்லாம் அவருக்கு ஆகாது. பேனை கீறும் சத்தம் போனில் எனக்குக் கேட்கும்.

அவர் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு அவர் பேச்சு எங்கள் ஆட்கள் பேசுவது போலத்தான் ஞாபகம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

3. வெட்டிய வரி

அந்த மாதம் வெளிநாடு ஒன்றில் சண்டை தொடங்கி, விமான நிலையம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருந்தது. நாட்டின் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. அங்கே அகப்பட்ட கனேடியர்களைக் கூட்டிவர இராணுவ விமானம் போய்வந்துகொண்டிருந்தது. விமானத்தில் ஏற வேண்டுமென்றால் முதலில் தூதரகப் பிரிவில் இருந்து போன் வர வேண்டும். எந்த வாசலுக்கு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். அந்தப் போன் வராதவரை வாசலில் விடமாட்டார்கள்.

எங்கள் அலுவலகத்தில் உதவி கேட்டவர்களின் பெயர்களை வசந்தி அக்கா எழுதிக்கொள்வார். அதை ஒழுங்கான லிஸ்ற் ஆக்கித் தூதரகப் பிரிவுக்கு அனுப்புவது என் பொறுப்பு. பதற்றத்தில் ஆட்கள் இரண்டு தரம், மூன்று தரம் கூப்பிடுவார்கள். கணவன் ஒருக்கால், மச்சான் ஒருக்கால். ஒரே குடும்பம் இரண்டு வரியில் இருந்தால் தூதரகத்தில் குழம்புவார்கள் என்று, இரட்டிப்பு வரிகளை நான் வெட்டுவேன்.

லிஸ்ற்றில் இப்படி இரண்டு வரி இருந்தது.

நாகேஸ்வரன், எஸ். இரண்டு பேர்.
நாகேஸ்வரன், எஸ். இரண்டு பேர்.

இரண்டாவது வரியை வெட்டினேன். ஒரு வினாடி வேலை. போன் நம்பர் வேறு வேறாக இருந்தது. கூப்பிட்ட ஆள் வேறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெட்டிய வரியில் இருந்தவர் சுகந்தி நாகேஸ்வரன். மல்வேர்ன் நாகேஸ்வரன் அண்ணையின் மனைவி. நாலு வயது மகளோடு, தமக்கையின் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவர். அவருக்கு நாகேஸ்வரன் கணவனின் பெயர். மற்ற வரியில் இருந்தவர் சிவநந்தினி நாகேஸ்வரன். கணவர் வேலை செய்யும் இடமென்று அங்கே மகனோடு இருந்தவர். கணவர் அங்கேயே நிற்பதாக இருந்ததால் வரப்போவது இரண்டு பேர்தான். யூனியன்வில்லில் இருக்கும் அவருடைய தம்பி எங்களைக் கூப்பிட்டிருந்தார். அவருக்கு நாகேஸ்வரன் தகப்பனின் பெயர். ஒட்டாவாவில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் இந்தப் பிழையை விட்டிருந்தால் நான் அவனுக்கு அரை மணித்தியாலம் வகுப்பு எடுத்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை, லிஸ்ற்றில் இருந்த எல்லாப் பெயருக்கும் எதிரே சரி போட்டுத் தூதரகப் பிரிவு திருப்பி அனுப்பியது. சந்தோஷத்தில் காட்டில் எழுதினேன்: "எங்களிடம் உதவி கேட்ட ஒவ்வொரு குடும்பத்துடனும் தொடர்புகொண்டாயிற்று."

மத்தியானம் அமைச்சர் அதைச் சத்தமாக வாசித்தார். பேனைச் சத்தம் கேட்கவில்லை.

"ஒவ்வொரு குடும்பமுமோ?"

"ஓம் மினிஸ்டர்."

"நீ பாத்தனியோ?"

"லிஸ்ற் செய்ததே நான்தான்."

"அப்ப சரி."

கேள்வி நேரத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழும்பினார். இராணுவ விமானம் இன்னும் எத்தனை தரம் போகும், அங்கே நிற்கும் குடும்பங்களுக்குத் தகவல் சொல்வது யார் என்று கேட்டார். அமைச்சர் விமானத்தைப் பற்றி இரண்டு வசனம் சொன்னார். கடைசி விமானம் வியாழக்கிழமை காலை என்றார். பிறகு என்னுடைய வசனத்தைச் சொன்னார். அவருடைய பக்கத்து ஆட்கள் கைதட்டினார்கள். ரீவிக்கு முன்னால் நின்று நானும் தட்டினேன்.

4. யாருக்குச் சொல்வது

நாகேஸ்வரன் அண்ணையிடம், "அண்ணை, பிழை எங்கட பக்கம். ஒரு மணித்தியாலத்தில நானே எடுக்கிறன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். லிஸ்ற்றைத் திறந்து பார்த்தேன். வெட்டிய இடம் எனக்கு உடனே தெரிந்தது.

"அக்கா, நான்தான் வெட்டினனான்."

"தெரியும்" என்றார் வசந்தி அக்கா. "என்ர கையெழுத்தில ரெண்டு வரி. நீ அனுப்பினதில ஒண்டு. முதல்ல அந்தப் பிள்ளையளை லிஸ்ற்றில போடு. அழுறதெண்டால் பிறகு அழலாம்."

தூதரகப் பிரிவுக்கு அறிவித்தேன். அவர்கள் உடனே சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஒட்டாவாவில் எங்கள் தொடர்பாடல் பொறுப்பாளராக இருந்த டானியலுக்கு எடுத்தேன். அவன் கெட்டவன் இல்லை. அமைச்சரைக் காப்பாற்றுவது அவன் வேலை.

"சேர்த்தாச்சுத்தானே? அப்ப நாளைக்கு அந்த வசனம் உண்மையாகிவிடும். ஏன் கிளறுவான்? இவர் எழும்பிப் பிழையெண்டு சொன்னால், மற்றப் பக்கம் ஒரு கிழமைக்கு அதையே வைச்சுத் தின்னும்."

அந்த நேரம் அவன் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. என் பெயர் வெளியே வராது, வேலை தப்பும். ஆனால் அமைச்சர் "நீ பாத்தனியோ?" என்று கேட்டதும் நான் சொன்ன பதிலும் காதுக்குள் நின்றன. அமைச்சரின் கைத்தொலைபேசிக்கு நேரே எடுத்தேன். அதற்கு முன் நான் அப்படிச் செய்ததே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் பெயர், கணவனின் பெயர், இரண்டு எஸ், எல்லாம்.

"அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயது?"

"நாலு."

"தாயோட கதைச்சாச்சோ?"

"இல்லை. அங்க போன் வேலை செய்யேல்லை."

"அப்ப அதைப் பார். நான் நாளைக்குக் கேள்வி நேரம் முடிய எழும்புறன். காட் எழுதி வை."

"மினிஸ்டர், நான் வேலையை விடவேணுமெண்டால்..."

"நீ விட்டால் அடுத்த லிஸ்ற்றில ஆர் ஆற்ற மகள் எண்டு எனக்கு ஆர் சொல்லுறது?"

5. மற்ற நாகேஸ்வரன்

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நாகேஸ்வரன் அண்ணை நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பேக்கரி ஒன்றில் வேலை செய்பவர். சப்பாத்தில் மா அப்படியே இருந்தது. முதல்நாள் போனில் இருந்த கோபம் அவரிடம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கதிரை கொடுத்தோம், இருக்கவில்லை. ஜன்னலோடு நின்றார்.

தூதரக அதிகாரி சுகந்தியின் நம்பருக்கு ஆறு தரம் முயன்றுவிட்டதாகச் சொன்னார். பெயர் வாசலில் இருக்கும் லிஸ்ற்றில் ஏறிவிட்டது, வந்தால் விடுவார்கள் என்றும் சொன்னார். தமக்கை வீட்டு நம்பரும் இல்லை. விமானத்துக்கு ஆட்களைச் சேர்க்கும் வாசலை எங்கள் நேரத்துக்குப் பின்னேரம் நான்கு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். எட்டு மணித்தியாலம் இருந்தது.

"அட்ரஸ் தெரியுமோ அண்ணை?"

"தெரியும் தம்பி. சந்தைக்குப் பின் றோட்டில, தண்ணித் தாங்கிக்குப் பக்கத்து மாடி. தெரிஞ்சென்ன? நான் இங்கையல்லோ நிக்கிறன்."

வசந்தி அக்கா லிஸ்ற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"பிரதீ, நீ ரெண்டு குடும்பத்தை ஒண்டாக்கினனி. இப்ப உண்மையா ஒண்டாக்கு. மற்ற நாகேஸ்வரன் அதே சிற்றியிலதானே நிக்கிறா. அவவின்ர போன் வேலை செய்யுது."

யூனியன்வில் தம்பியிடம் நம்பர் வாங்கிச் சிவநந்தினி அக்காவுக்கு எடுத்தேன். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் மகன் எதையோ கேட்டு அழும் சத்தம்.

"உங்களுக்குத் தெரியாத ஒரு ஆள், அக்கா. சுகந்தி எண்டு பேர். நாலு வயதுப் பிள்ளையும் இருக்கு. சந்தைக்குப் பின் றோட்டில, தண்ணித் தாங்கிக்குப் பக்கத்து மாடியில நிக்கினம். அவைக்குத் தகவல் போகேல்லை."

"முழுப்பேர் என்ன?"

"சுகந்தி நாகேஸ்வரன்."

"தம்பி, இந்த நேரத்தில பகிடியோ விடுறீர்? அது எங்கட அப்பான்ர பேர்."

"தெரியும் அக்கா. அதாலதான் இவ்வளவும் நடந்தது. உங்கள் ரெண்டு பேரையும் ஒரு ஆள் எண்டு நினைச்சு நான் வெட்டிப்போட்டன்."

என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் பிள்ளையோடு போய்ச் சேர வேண்டியவர். முகம் தெரியாத ஒருவருக்காகச் சண்டை நடக்கும் ஊரில் பாதை மாறிப் போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"தண்ணித் தாங்கி எண்டால் எங்களை விமானத்துக்குக் கொண்டுபோற வான் போற பாதையில இருந்து கொஞ்சம் உள்ளுக்கு" என்றார். "வான்காரனைக் கேக்கிறன். அவன் ஓமெண்டால் போவன். அவன் ஏலாதெண்டால் என்னைக் குறை சொல்லப்படாது."

"சொல்லமாட்டம் அக்கா."

"அந்தப் பிள்ளையின்ர பேரைச் சொல்லும். கதவைத் தட்டி என்னெண்டு கூப்பிடுறது?"

ஜன்னலோடு நின்ற நாகேஸ்வரன் அண்ணை, நான் கேட்க முதலே, "ஆரணி" என்றார்.

6. வெட்டப்பட்ட ஊழியர்

மத்தியானம் அமைச்சர் போன் எடுத்தார். திருத்தக் காட்டை நான்தான் எழுதியிருந்தேன். சத்தமாக வாசித்தார். "என் அலுவலக ஊழியர் ஒருவர் விட்ட தவறினால் ஒரு குடும்பத்தின் பெயர் விடுபட்டது." பேனைச் சத்தம் கேட்டது.

"இந்த ஊழியரை வெட்டிப்போட்டன்."

"அது உண்மைதானே மினிஸ்டர்."

"சபையில எழும்பிச் சொன்னது நான். நீ அங்க இருக்கேல்லை. அந்தக் குடும்பம் வந்திட்டுதோ?"

"இன்னும் தெரியாது. வான் வெளிக்கிட்டிட்டுது எண்டு மட்டும் தகவல்."

"அப்ப தெரியாது எண்டே சொல்லுவம்."

மூன்று மணியளவில் கேள்வி நேரம் முடிந்தது. அமைச்சர், சபையில் சொன்னதைத் திருத்த இடம் கேட்பவர்கள் சொல்வது போல, ஒழுங்குப் பிரச்சினை ஒன்று என்று சொல்லி எழும்பினார். அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேரும் ரீவிக்கு முன்னால் நின்றோம்.

"சபாநாயகர் அவர்களே, உதவி கேட்ட ஒவ்வொரு குடும்பத்துடனும் தொடர்புகொண்டாயிற்று என்று நேற்று இந்தச் சபையில் சொன்னேன். அது சரியல்ல. பெயர்கள் ஒத்திருந்ததால் ஒரு குடும்பத்தைத் தவறவிட்டேன். ஒரு தாயும் நாலு வயதுப் பிள்ளையும். அவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்களா என்று இந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. அந்தத் தகப்பனிடமும் இந்தச் சபையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

ஒருவரும் கைதட்டவில்லை. முதல்நாள் கேள்வி கேட்ட உறுப்பினர் எழும்பப் பார்த்தார். பிறகு இருந்துவிட்டார்.

நாகேஸ்வரன் அண்ணை ரீவியில் இருந்து கண் எடுக்காமல் கேட்டார், "என்னட்டையோ மன்னிப்புக் கேக்கிறார்?"

"உங்களிட்டதான் அண்ணை" என்றார் வசந்தி அக்கா.

மூன்றே முக்காலுக்குச் சிவநந்தினி அக்காவிடம் இருந்து ஒரு படம் வந்தது. வானுக்குள் எடுத்தது. இரண்டு பெண்கள், இரண்டு பிள்ளைகள், மடிகளில் பெட்டிகள். கீழே ஒரு வரி: "எல்லா நாகேஸ்வரன்மாரும் வாசலுக்கு உள்ளுக்கு வந்திட்டம்." அண்ணை அதைப் பார்த்த பிறகுதான் கதிரையில் இருந்தார்.

அன்று பின்னேரம் தமிழ் வானொலியில் நேயர்கள் எங்கள் அமைச்சரைக் கிழித்தார்கள். லிஸ்ற் ஒன்றை ஒழுங்காகச் செய்யத் தெரியாதவருக்கு ஏன் அமைச்சு என்று ஒருவர் கேட்டார். டானியல் சொன்னது போலவே எதிர்க்கட்சியும் அந்தக் கிழமை முழுவதும் அதையே பேசியது. ஆனால் டானியலும் நானும் நினைக்காத ஒன்றும் நடந்தது. மன்னிப்புக் கேட்டு அரை மணித்தியாலத்துக்குள் அஜக்ஸ் பக்கத்து எம்.பி ஒருவரின் அலுவலகத்தில் இருந்து ஒரு பிள்ளை எனக்கு எடுத்தாள். "பெயர்கள் ஒத்திருந்ததால்" என்று கேட்டதும் தன் லிஸ்ற்றைத் திரும்பப் பார்த்தாளாம். அவளும் ஒரு வரியை வெட்டியிருந்தாள். அந்த வரியில் இருந்த வயதுபோன மனுசன் அதே விமானத்தில் கடைசி ஆளாக ஏறினார். நாங்கள் பேசாமல் பெயரைச் சேர்த்துவிட்டு இருந்திருந்தால் அவரை யாரும் தேடியிருக்கமாட்டார்கள்.

7. புத்தகத்தில் இல்லாத பெயர்

சில மாதங்களுக்குப் பிறகு அமைச்சரவையை மாற்றியபோது எங்கள் அமைச்சருக்கு இடம் கிடைக்கவில்லை. இதுதான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். கடைசி நாள் அவர் என் மேசைக்கு வந்து, வெட்டிக் கீறிய அந்தத் திருத்தக் காட்டைத் தந்துவிட்டுப் போனார். ஒன்றும் எழுதவில்லை, கையெழுத்தும் போடவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வசந்தி அக்காவோடு பகிடி விடத் தொடங்கிவிட்டார். இப்போது இங்கே எழுதி அந்த நன்றியைச் சொல்கிறேன்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். "ஒவ்வொரு" என்று எழுதுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் போன் எடுங்கள். தெரிந்த பெயர் என்றால் கட்டாயம் எடுங்கள். நான் பிழைவிட்டது தெரியாத பெயர்களில் இல்லை. பிழைவிட்டால் மேலே இருப்பவருக்கு அன்றைக்கே சொல்லுங்கள். எல்லோருக்கும் எனக்குக் கிடைத்தவர் போல ஒருவர் கிடைப்பார் என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனாலும் சொல்லுங்கள்.

பாராளுமன்றப் பேச்சுகளின் அந்தப் பதிவேட்டில் பிழையான வசனத்தை அழிக்கமாட்டார்கள். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அது அப்படியே இருக்கிறது. திருத்தம் புதன்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். நடந்ததையெல்லாம் அப்பாவுக்கு அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஷிப்ற் அட்டவணையில் தேடுவது போல, ஒரு விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். பக்கத்தின் அடிவரை போனார். திரும்ப மேலே இருந்து ஒருக்கால் தேடினார்.

"எங்கட பேர் இல்லையே."

"இல்லை அப்பா. அவர் வெட்டிப்போட்டார்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். தாளை இரண்டாக மடித்து, பாஸ்போர்ட்டுகள் வைத்திருக்கும் பெட்டிக்குள் வைத்தார்.

"நல்ல மனுசன்" என்றார்.